தங்கம் டைலரின் இடது கை

ஜனவரி 20, 2025 – திங்கள்

பொங்கல் முடிந்தது. இந்த வருஷம் திருச்சுழியில் பாதிப் பெண்கள் வேறு யாரோ தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தார்கள். தோள் ஒரு பக்கம் இறங்கி, கழுத்து இன்னொரு பக்கம் ஏறி, ஒன்றுகூட ஒழுங்காக உட்காரவில்லை. பார்த்ததும் வயிறு குளிர்ந்தது. எவ்வளவு நல்ல மனசு எனக்கு! சாமியிடம் வேண்ட வந்ததை மறந்து வரிசை முழுக்க முதுகு முதுகாகப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கடை பூட்டியே கிடக்கிறது. ‘தங்கம் லேடீஸ் டைலர்’ போர்டில் சிலந்தி குடும்பம் நடத்துகிறது. மார்பில் ஆபரேஷன், அப்புறம் மருந்து ஏற்றியது, கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தது, முடி கொட்டியது, திரும்ப முளைத்தது எல்லாம் ஆயிற்று. “நோய் போயிருச்சும்மா” என்று டாக்டர் சொல்லி ஒரு தீபாவளியும் போய்விட்டது. ஆனால் போன நோய் சும்மா போகவில்லை, இடது கையில் தண்ணீரை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அக்குளில் இருந்த நெறிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளை, எடுத்துவிட்டதால் நீர் வடிய வழியில்லையாம். நம் ஊர்க் கண்மாயில் நிற்காத தண்ணீர் என் கையில் நிற்கிறது. தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வீக்கம்.

தையலுக்கு வலது கைதானே முக்கியம் என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் மிஷினில் உட்கார்ந்து பார்க்கட்டும். துணியை நடத்திக்கொண்டு போவது இடது கை. வலது கை சக்கரத்தைத் தொட்டுக்கொண்டு பேர் வாங்கும். கொஞ்ச நேரம் தைத்தாலே இப்போது இடது கை கல்லாகிவிடுகிறது, துணி கோணிக்கொண்டு போகிறது.

பங்குனியில் அம்மன் கோயில் பொங்கல் வருவதற்குள் கடையைத் திறந்தாக வேண்டும். இல்லையென்றால் என் வாடிக்கைக்காரர்கள் அந்தத் தோள் இறங்கிய ஜாக்கெட்டுக்கே பழகிவிடுவார்கள். மிஷின் இல்லாமல் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

ஜனவரி 22 – புதன்

என் வீட்டுக்காரரும் நானும் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். இம்மானுவேல் டாக்டர் கையை அமுக்கிப் பார்த்துவிட்டு, “லைட் வச்சுப் பாப்போம்மா” என்றார்.

எனக்கு உதறல். கரண்ட் வைத்தபோது நெஞ்சுத் தோல் கறுத்தது இன்னும் மறக்கவில்லை. இது அது இல்லை, லேசர், சுடாது, வலிக்காது என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “வெளிச்சம்தான் வேணும்னா எங்க ஊரு வெயிலு பத்தாதா டாக்டர்?” என்று கேட்டேன். சிரிப்பார் என்று பார்த்தால், “அந்த வெயில்ல கையக் காட்டிராதீக, வீக்கம் கூடிப்போகும்” என்று சீரியசாகச் சொல்லிவிட்டார்.

லைட் வைக்கிற பெண்ணின் பெயர் சுகப்பிரியா. அவளுக்கும் கண்ணாடி, எனக்கும் கண்ணாடி. வெல்டிங் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். பேனா மாதிரி ஒரு குச்சியை அக்குளிலும் தையல் போட்ட தழும்பிலும் ஒவ்வோர் இடமாக வைக்கிறாள். ‘கீய்’ என்கிறது. அடுத்த இடம். அவ்வளவுதான். வலிக்காத வைத்தியத்தை நம்பி எனக்குப் பழக்கமில்லை.

“லைட்டு மட்டும் போதாதுக்கா. கட்டுப் போடணும், பயிற்சி செய்யணும், கைக்கு இறுக்கமா உறை போடணும். எல்லாம் சேந்தாத்தான் கை எளகும். பழைய கை அப்படியே வந்துரும்னு மட்டும் நெனைக்காதீக” என்றாள்.

இஞ்சு டேப்பை எடுத்துக் கையை அளந்தாள். டேப்பைக் கோணலாகப் பிடிக்கிறாய் என்று சொன்னேன். மறுபடி அளந்தாள். அதே அளவுதான் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். வாரத்துக்கு மூன்று நாள் வரச் சொல்லியிருக்கிறாள்.

ஜனவரி 24 – வெள்ளி

லைட் வைக்கிற இடத்தில் ஒரு சிநேகிதி கிடைத்தாள். நர்கிஸ். அருப்புக்கோட்டை. வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறாராம். அவளுக்கும் இதே நோய், இதே வீக்கம்.

“ஒங்களுக்கு எந்தக் கையி?”

“இடது.”

“எனக்கு வலது. ரெண்டு பேரும் ஒட்டி உக்காந்தா ஒரு முழு ஆளு தேறும்க்கா.”

அருப்புக்கோட்டை வரை ஒரே பஸ்ஸில் வந்தோம். அவளுக்குப் பஸ்ஸில் சாப்பிடாமல் வர முடியாதாம். எனக்கும் பங்கு வந்தது.

ஜனவரி 31 – வெள்ளி

வெளிச்சம் உள்ளே போகிறது. தண்ணீர் வெளியே வருவதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 5 – புதன்

இன்று சுகப்பிரியா கையை அமுக்கிவிட்டு முகம் மலர்ந்தாள். முன்பு அமுக்கினால் கட்டை மாதிரி இருந்த இடம் இப்போது குழி விழுகிறதாம். கொஞ்சம் குறைந்தும் இருக்கிறது. குழி விழுந்ததற்குச் சந்தோஷப்படும் நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று இருந்தாலும், நானும் பஸ்ஸில் உட்கார்ந்து அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் யாராவது தினமும் கையை மேல் நோக்கி மெதுவாகத் தடவிவிட வேண்டுமாம். “அண்ணே செய்றாகளா?” என்று இவரைப் பற்றிக் கேட்டாள். “செய்றாக” என்றேன். கூசாமல் பொய் சொன்னேன்.

அண்ணன் எங்கே செய்கிறார். ஆபரேஷனுக்கு அப்புறம் இவர் என்னைத் தொடுவதே இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மாதிரி ஓரமாக உட்காருகிறார், ஓரமாகப் படுக்கிறார். மருந்து வாங்க, பஸ் ஏற்ற, கஞ்சி காய்ச்ச எல்லாவற்றுக்கும் இருக்கிறார். ஆனால் தொடுவதில்லை. அருவருப்பா, பயமா? கேட்டால் பதில் வந்துவிடும், அதனால் கேட்பதில்லை. மருதுபாண்டி என்று வீரமாகப் பேர் வைத்த மாமியாரைச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 7 – வெள்ளி

கை உறைக்கு அளவு எடுத்து அனுப்பி நாளாகிறது. மெட்ராஸிலிருந்து வர வேண்டுமாம், இன்னும் வரவில்லை. நர்கிஸின் உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு நீளமான கை. அவ்வளவுதானே?

“இதுல என்ன கம்பசூத்திரம் இருக்கு? நான் கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து கை தைக்கிறேன். வெட்டி உக்காந்தா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்.”

“டாக்டரக் கேட்டுக்கிருங்கக்கா.”

“கை தைக்கிறதுக்கு டாக்டரைக் கேக்கணுமா?”

நர்கிஸ் உறையை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

பிப்ரவரி 9 – ஞாயிறு

தைத்துவிட்டேன்! ஆபரேஷனுக்குப் பிறகு முழுசாக முடித்த முதல் உருப்படி. லெக்கின்ஸ் தைத்து மிச்சமிருந்த கறுப்புத் துணி, நன்றாக இழுத்துப் பிடிக்கும். இரட்டையாகப் போட்டேன். மாட்டிப் பார்த்தால் கீழே வழுக்கிக்கொண்டே வந்தது. விடுவேனா? பஃப் கைக்குப் போடுகிற மாதிரி மேலே எலாஸ்டிக் வைத்து இறுக்கிவிட்டேன். ஆடாமல் அசையாமல் நிற்கிறது. நடுவில் கை வலித்து நிறுத்தி நிறுத்தித் தைத்தாலும் ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை.

இவரிடம் காட்டினேன். “என்னது, பேண்ட்டா?” என்றார். கைக்கு என்றேன். “ம்” என்றார். இந்த மனுஷரிடம் பாராட்டு வாங்குவதைவிட மழையைச் சுலபமாக வாங்கிவிடலாம்.

பிப்ரவரி 10 – திங்கள்

ராத்திரியும் கழற்றவில்லை. மதுரைக்குப் போகும்போது மட்டும் பஸ்ஸில் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். சுகப்பிரியா பார்த்தால் ஆயிரம் கேள்வி கேட்பாள். கை நன்றாக வற்றிய பிறகு காட்டி அசத்த வேண்டும் என்று திட்டம்.

பிப்ரவரி 14 – வெள்ளி

கை வீக்கம் ஏறிவிட்டது.

விரல் எல்லாம் பன் மாதிரி. காலையில் வீட்டில் பார்த்தபோதே தெரிந்தது. பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். சுகப்பிரியா டேப்பை வைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மூன்றாவது தடவை வைக்காமல் எழுந்து போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் அக்குளைத் தடவித் தடவிப் பார்த்தார். “புதுசா ஏதாச்சும் செஞ்சீகளாம்மா? கனமா எதுவும் தூக்குனீகளா?”

“இல்ல டாக்டர்.” மேல் கையில் கிடந்த எலாஸ்டிக் தடத்தை ஜாக்கெட் கை பிடித்தது என்று சொல்லிவிட்டேன்.

“திடீர்னு இவ்வளவு ஏறுனா உள்ள ஒரு தடவ பாக்கணும். நோய் திரும்பி வந்தாலும் இப்படி வீங்கும். நோய் இருக்கிற எடத்துல இந்த லைட்ட வைக்கக் கூடாது. ஸ்கேன் பாக்குற வரைக்கும் நிறுத்தி வைப்போம்.”

அந்தக் கறுப்பு உறை மடியில் இருந்த பைக்குள்தான் இருந்தது. ஏன் சொல்லல? எந்திரிச்சு வெளிய வார வரைக்கும் வாயில வந்துக்கிட்டே இருந்துச்சு. நர்கிஸ் பாத்துக்கிட்டு இருந்தா. சுகப்பிரியா நின்னா. முப்பது வருசம் கை தச்சவளுக்குக் கை தைக்கத் தெரியலன்னு அத்தன பேரு முன்னாடி எப்படிச் சொல்ல? உசிரை விடப் பெருமை பெருசாப் போச்சா தங்கலட்சுமி? தூ.

பிப்ரவரி 15 – சனி

நேற்று எழுதியது பாதி உண்மை. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

உறைதான் காரணம் என்று சொன்னால் டாக்டர், “அவ்வளவுதானா, சரி போங்க” என்று ஸ்கேனை விட்டுவிடலாம். உறை காரணமாக இல்லாமல், நிஜமாகவே அது திரும்பி வந்திருந்தால்? சொன்னால் அசிங்கம், சொல்லாவிட்டால் பயம். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன். இரண்டு இட்லி கூடவே இறங்கியது, அதையும் சொல்ல வேண்டும்.

உறையைக் கழற்றி, துவைத்து, கொடியில் போட்டுவிட்டேன். இனிக் கை வற்றினால் உறைதான் குற்றவாளி. பார்ப்போம்.

பிப்ரவரி 17 – திங்கள்

கை வத்தல. உறையக் கழட்டிப் போட்டும் அப்படியேதான் கெடக்கு. விரலு மட்டும் கொஞ்சம் பரவால்ல மாதிரி இருக்கு, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா?

அப்ப உறை காரணம் இல்லையா? அப்ப வேற என்ன?

நர்கிஸ் போன் பண்ணினாள். “என்னக்கா, இன்னிக்கு லைட்டுக்கு வரல?” என்றாள். லைட்டை நிறுத்தியதை அவளும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாத மாதிரி கேட்கிறாள். பஸ் கிடைக்கவில்லை என்றேன். அவளும் நம்பின மாதிரி, “சரிக்கா, நான் ஒங்களுக்குத் துஆ செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள்.

கடையைத் திறந்து உள்ளே போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். தைக்கவில்லை. மூடியைத் துடைத்துவிட்டு வந்தேன். சாக இஷ்டமில்லை எனக்கு. இன்னும் நிறைய ஜாக்கெட் தைக்க வேண்டும்.

பிப்ரவரி 19 – புதன்

நாளைக்கு ஸ்கேன். இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இவரை விடியற்காலையிலிருந்து காணோம். மிளகாய்க் காட்டுக்குப் போயிருப்பார் என்று இருந்தேன். மத்தியானம் வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்குப் போனால், பளபளவென்று மொட்டைத் தலை, மேலே சந்தனம். இடது கையில் தோள் வரைக்கும் என் கறுப்பு உறை!

எதைக் கேட்பது முதலில்?

“என்னங்க இது?”

“மொட்டை.”

“அது தெரியுது. ஸ்கேனே இன்னும் எடுக்கல. நல்லபடியா வந்தப்புறம்தானே குலசாமிக்கு முடி குடுப்பாக?”

“வந்தப்புறம் குடுத்தா அது யாவாரம். நான் முன்னாடியே குடுத்துட்டேன்.”

அவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கையை உதறினார்.

“ஏ தங்கம், இத யாருக்குத் தச்ச? கொடில கெடந்துச்சு, வெயிலுக்கு ஆகும்னு மாட்டிட்டுப் போனேன். பாதி வழில கையி மரத்துப் போச்சு. ஹேண்டிலப் புடிக்கவே முடியல.”

கழற்றினார். கழற்றவே பாடுபட்டார். எலாஸ்டிக் இருந்த இடத்தில் கையைச் சுற்றிச் சிவப்பாக வளையம். அதற்குக் கீழே நரம்பெல்லாம் புடைத்து, விரல் தடித்து. நெறி எல்லாம் ஒழுங்காக இருக்கிற, மண்வெட்டி பிடிக்கிற கை அது. அந்தக் கைக்கே ஒரு காலைப்பொழுதில் இந்தக் கதி. நான் இதை ராத்திரி பகலாக மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. மொட்டையைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துத் தலையைத் தடவிக்கொண்டார். அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். தைத்தது, பஸ்ஸில் கழற்றி மறைத்தது, டாக்டரிடம் இல்லை என்றது, உறையா நோயா என்று தெரியாமல் தவித்தது.

திட்டுவார் என்று நினைத்தேன். என் இடது கையைப் பிடித்து, முந்தானையை விலக்கி, எலாஸ்டிக் இருந்த இடத்தைப் பார்த்தார். தோலில் அங்கே இன்னும் பழுப்பாக வளையம் படிந்திருந்தது. கட்டை விரலால் லேசாகத் தொட்டார்.

“வலிக்குதா?”

“வலியெல்லாம் இல்ல. கனமாக் கெடக்கு, அவ்வளவுதான்.”

“தொட்டா எதுவும் ஆயிருமோன்னுதான் இத்தன நாளும்…”

முடிக்கவில்லை. மனசில் இருப்பதை இவர் பேசி நான் கேட்டதில்லை. கையையும் உடனே விட்டுவிடவில்லை.

பிப்ரவரி 20 – வியாழன்

டாக்டர் மேஜையில் உறையை எடுத்து வைத்தேன். இவர் மொட்டைத் தலையோடு பின்னால் நின்றார், சாட்சிக்கு.

டாக்டர் அதை இழுத்துப் பார்த்தார், உள்ளே வெளியே புரட்டினார். “தையல் பிரமாதம்” என்றார். இதுவரை எந்தப் பாராட்டும் எனக்கு இப்படிக் குத்தியதில்லை. “மணிக்கட்டுல இறுக்கமா ஆரம்பிச்சு, மேல போகப் போகத் தளர்வா இருக்கணும்மா. அப்பத்தான் நீரு மேல ஏறிப் போகும். நீங்க தலைகீழாத் தச்சு, போற வழிய அடைச்சுட்டீக.”

“அப்ப ஸ்கேன் வேணாமா டாக்டர்?”

“இதுதான் காரணம்னு நெனைக்கிறேன். நெனைச்சா மட்டும் போதாது, பாத்துருவோம்.”

எடுத்தாயிற்று. முடிவு திங்கட்கிழமை.

சுகப்பிரியா முகம் கொடுக்காமல் உறையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிளம்பும்போது, “அக்கா, நான் ஒரு ஜாக்கெட் தச்சுக் குடுத்தா நீங்க போட்டுக்கிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போவீகளா?” என்று கேட்டாள். இவர் வராந்தாப் பக்கம் திரும்பி நின்று சிரித்தார்.

பிப்ரவரி 24 – திங்கள்

ஒன்றும் இல்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று எத்தனை தடவை எழுதினாலும் கை வலிக்கவில்லை.

மார்ச் 3 – திங்கள்

மறுபடி லைட் ஆரம்பம். மெட்ராஸ் உறையும் வந்துவிட்டது. அழகே இல்லை, ஓரத் தையலும் சுமார்தான். ஆனால் அது தன் வேலையைப் பார்க்கிறது, நான் வாயை மூடிக்கொண்டு மாட்டிக்கொள்கிறேன்.

இவரும் இன்று உள்ளே வந்து உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். மொட்டைத் தலையும் கறுப்புக் கண்ணாடியுமாக அவர் கைகட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நர்கிஸ் முகத்தை மூடிக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள்.

கையைத் தடவிவிடுவது எப்படி என்று சுகப்பிரியா அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். “அழுத்தாதீக அண்ணே. தோலு மட்டும் நகரணும், அம்புட்டுத்தான்.” அவர் உள்ளங்கை காட்டில் பருத்திமார்க் குச்சியைப் பிடித்துப் பிடித்துச் சொரசொரப்பாகிப் போனது. அதை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி தடவினார். எனக்குக் கூச்சமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

மார்ச் 12 – புதன்

சாப்பிட்டதும் வந்து உட்கார்ந்துவிடுகிறார். டிவியைப் பார்த்துக்கொண்டே தடவுகிறார். விளம்பரம் வந்தால் வேகம் கூடிவிடுகிறது, அதட்ட வேண்டியிருக்கிறது.

மார்ச் 21 – வெள்ளி

ஒரு ஜாக்கெட் முழுசாகத் தைத்தேன். இடையில் எழுந்து கையைத் தூக்கி வைத்து ஓய்வு கொடுத்துத்தான். ஆனால் துணி நேராகப் போனது. கடைசித் தையலை அறுத்துவிட்டு மிஷின் மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன். தெருவில் போனவர்கள் துணி வீணாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

மார்ச் 28 – வெள்ளி

அளவு பார்த்தார்கள். குறைந்திருக்கிறது, நன்றாக இளகியிருக்கிறது. வலது கை அளவுக்கு வரவில்லை, வரவும் வராது. முதல் நாளே சுகப்பிரியா சொன்னதுதான். எனக்கு மட்டும் விதிவிலக்கு இருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அது இன்று போயிற்று. பஸ்ஸில் நர்கிஸ் கடலை மிட்டாயை நீட்டினாள். வாங்கித் தின்றுகொண்டே கொஞ்சம் அழுதேன்.

ஏப்ரல் 5 – சனி

கடை திறந்து ஒரு வாரம். பங்குனிப் பொங்கல் கூட்டம். பழைய வாடிக்கைக்காரர்கள் விட்டுப்போகாமல் வந்திருக்கிறார்கள், அவசரத்தையும் கூடவே கொண்டு வந்திருக்கிறார்கள்.

இன்று நரிக்குடியிலிருந்து அருஞ்சுனை வந்திருந்தாள். தைத்த ஜாக்கெட்டைத் திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து நின்றாள்.

“கையி கொஞ்சம் புடிக்குதுக்கா. பரவால்ல.”

இதற்கு என்னிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். ‘போடப் போட விட்டுக்குடுக்கும் தாயி’ என்று சொல்லி, பையில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவேன். இத்தனை வருஷத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பெண்கள் அதை நம்பிக் கையில் சிவப்பு வளையத்தோடு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறினார்களோ! துணி ஒருநாளும் விட்டுக்கொடுக்காது. அவர்கள்தான் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

“கழட்டு” என்றேன்.

“வேணாம்க்கா, பஸ்ஸு போயிரும்.”

“அடுத்த பஸ்ஸுல போ.”

இரண்டு கையையும் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை எடுத்துத் தளர்த்திப் போட்டேன். என் கையில் இருந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பென்றால் முந்தானையை இழுத்து மூடியிருப்பேன். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, கையைத் தூக்கி அலமாரி மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நரிக்குடி பஸ் வந்து நின்று போனது.

மறுபடி போட்டுக்கொண்டு வந்தாள். கையை மேலே தூக்கினாள், பின்னால் கொண்டு போனாள், இல்லாத கொடியில் துணி காயப் போடுகிற மாதிரி நீட்டிப் பார்த்தாள்.

“இப்ப எப்படி இருக்கு?”

“கையி இருக்கிறதே தெரியலக்கா” என்றாள்.

கொடுத்து வைத்தவள்.